கம்பி பிரேக் மிதிவண்டியில் ஹேண்டில்பாரின் உயரம்

பழைய மிதிவண்டியின் ஹேண்டில்பாரை உயர்த்துவதோ தாழ்த்துவதோ ஒற்றை போல்ட்டைத் தளர்த்தி முடிக்கும் வேலை என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும்; ஆனால் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கம்பி பிரேக் வண்டிகளில், அந்த போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே இரண்டு பிரேக்குகளின் இணைப்பையும் தளர்த்திவிட வேண்டியிருப்பதும், உயரத்தை மாற்றி முடித்தபின் அவ்விரண்டையும் புதிதாக அளந்து பூட்ட வேண்டியிருப்பதும் பட்டறையில் கைபழகியவர்களுக்கே இயல்பாகத் தெரியும். இந்த வரிசையைத் தவறவிட்டு, ஹேண்டில்பாரை மட்டும் தூக்கி இறுக்கிவிட்டு, சக்கரம் ஏன் சுழல மறுக்கிறது என்று திகைப்பது புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலோருக்கும் நேர்வது.

இங்கே பேசப்படும் வண்டி எது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல அகல டயர், குறுக்கே ஓடும் பார், சுருள்வில் வைத்த அகலமான சீட், கம்பிகளால் இயங்கும் பிரேக் ஆகியவற்றைக் கொண்ட கறுப்பு வண்டியே அது. இங்கிலாந்தில் உருவான இந்த அமைப்பு, 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக அம்பத்தூரிலும், ஆசன்சோல், சோனிபட், லூதியானா ஆகிய ஊர்களில் எழுந்த பிற ஆலைகளிலும் அதிக மாற்றமின்றித் தொடர்ந்தது. ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ என்று பெயர்ப்பட்டை மாறினாலும், ஹேண்டில்பாரை வண்டியோடு பிணைக்கும் முறை எல்லாவற்றிலும் ஒன்றே. ஒரு நிறுவனத்தின் வண்டியில் கற்ற வேலை மற்றொன்றிலும் செல்லுபடியாகிறது.

அந்த முறையைப் புரிந்துகொள்ள வண்டியின் முன்பகுதியை உள்ளிருந்து பார்க்க வேண்டும். முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் கவைக்கு ஃபோர்க் என்று பெயர். அதன் மேற்பகுதி ஒரு குழாயாக நீண்டு, சட்டத்தின் முன்னால் நிற்கும் தலைக்குழாய்க்குள் நுழைந்து மேலே வெளிப்படுகிறது. இந்த ஃபோர்க் குழாயின் வெளி விட்டம் 1 அங்குலம். அதன் உச்சிப்பகுதியில் வெளிப்புறமாக மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரையில் மேல் கிண்ணமும் அதன்மேல் லாக் நட்டும் திருகப்பட்டு, கிண்ணத்துக்கும் தலைக்குழாய்க்கும் இடையிலுள்ள பால்ஸைப் பிடித்து நிறுத்துகின்றன. ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் தண்டு, ஃபோர்க் குழாயின் உட்புறத்தில் செருகப்படுவது. அதன் விட்டம் 22.2 மி.மீ. தண்டின் அடிமுனையில் நெடுக்காகப் பிளவு வெட்டி, அந்தப் பிளவுக்குள் புகுந்து விரிக்கும் கூம்பு வடிவ நட் ஒன்றைக் கீழே வைத்து, தண்டின் உச்சியிலிருந்து உள்ளே இறங்கும் நீண்ட போல்ட்டால் அந்த நட்டை மேல்நோக்கி இழுத்தால், பிளவுபட்ட முனை அகன்று குழாயின் உட்சுவரை நெருக்கிப் பிடிக்கிறது. கூம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு காதுகள் பிளவில் பொருந்தியிருப்பதால் போல்ட்டைத் திருகும்போது அது கூடவே சுழல்வதில்லை. பிற்காலத்து வண்டிகளில் கூம்புக்குப் பதிலாகச் சாய்வாக அறுத்த ஆப்பு வைக்கப்பட்டது. இறுக்கும்போது அது ஒருபுறமாக நழுவி ஒதுங்கிச் சுவரை அழுத்தும். இரண்டிலும் தத்துவம் ஒன்றுதான் என்றாலும், கூம்பு சுற்றிலும் சீராக அழுத்துவதால் குழாய்க்கு இணக்கமானது என்றும், ஆப்பு எளிதில் கழல்வதால் பழுதுபார்ப்பவருக்கு இணக்கமானது என்றும் சொல்லலாம்.

ஹேண்டில்பாரைத் தளர்த்தும் போல்ட் எது, லாக் நட் எது என்பதை வேறுபடுத்தி அறியாமல், பெரிதாகக் கண்ணில் படும் லாக் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகுபவர்கள் இன்றும் உண்டு. அதைத் தளர்த்துவதால் ஹேண்டில்பார் ஒரு நூலளவும் உயராது. மாறாக, மேல் கிண்ணம் தளர்ந்து, பால்ஸ் இடம்பெயர்ந்து, சில சமயம் தரையில் உதிர்ந்து, இல்லாத வேலை ஒன்று உண்டாகிவிடும். தண்டின் உச்சியில், ஹேண்டில்பாருக்கு நேர் மேலே தலைகாட்டும் போல்ட் ஒன்றே இங்கே கருதத்தக்கது.

ஆயினும் அதைத் தொடுவதற்கு முன் பிரேக்கைக் கவனிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. அதன் காரணம் கம்பி பிரேக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் அதற்கு இணையாக ஓடும் நெம்புகோலை விரல்களால் மேலே இழுக்கும்போது, ஹேண்டில்பாரோடு ஒட்டி ஓடும் ஒரு குறுக்குத் தண்டு சற்றே சுழன்று, நடுவிலுள்ள சிறு கரத்தை உயர்த்துகிறது. அக்கரத்தில் தொங்கும் செங்குத்துக் கம்பி மேலே எழுந்து, முன் சக்கரத்தைத் தழுவி நிற்கும் லாட வடிவ இரும்பைத் தூக்குகிறது. லாடத்தின் இரு முனைகளிலும் உள்ள பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அதாவது அச்சை நோக்கிய முகத்தில், போய் அழுந்துகின்றன. பின் பிரேக்கின் வழி இதைவிட நீளமானது: ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் கம்பி சட்டத்தில் பொருத்தப்பட்ட முழங்கை வடிவ நெம்புகோல் ஒன்றைச் சேர்ந்து, அங்கிருந்து கீழ்க்குழாயின் ஓரமாகச் சென்று, பெடல் அச்சுக்கூட்டுக்கு அருகில் இன்னொரு நெம்புகோலால் திசை திரும்பி, பின் சக்கரத்தின் லாடத்தை அடைகிறது. இவை அனைத்தும் விறைப்பான இரும்புக் கம்பிகள். வயர் பிரேக்கைப்போல் வளைந்து கொடுக்கும் தளர்ச்சி இவற்றில் இல்லை.

நல்ல நிலையிலுள்ள வண்டியில் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே. ஹேண்டில்பாரை 2 செ.மீ. உயர்த்தினால் கம்பியும் அதே 2 செ.மீ. உயர முயல்வதால், கட்டைகள் ரிம்மில் போய் முட்டி, முன் சக்கரம் பூட்டிக்கொள்கிறது. அதையும் மீறி வலிந்து தூக்கினால் சிறு கரமோ லாடமோ வளைந்துவிடும். தாழ்த்தினால் நேர்மாறாக, கம்பி கீழே இறங்கி, நெம்புகோல் கைப்பிடியில் இடிக்கும் வரை இழுத்தாலும் கட்டை ரிம்மைத் தொடுவதில்லை. இவ்விரண்டில் பின்னதே ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. சுழலாத சக்கரம் தன் குறையைப் பட்டறையிலேயே சொல்லிவிடுகிறது, பிடிக்காத பிரேக்கோ மேம்பாலத்தின் இறக்கத்தில்தான் அதைச் சொல்கிறது.

இந்த உயர மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் வகையில், செங்குத்துக் கம்பி ஒரே துண்டாக இல்லாமல், ஒன்றினுள் ஒன்று சறுக்கும் இரு துண்டுகளாகச் செய்யப்பட்டு, இடையில் ஒரு சிறு நட்டால் நெரித்துப் பிடிக்கப்பட்டிருக்கும். முன் கம்பியிலும் பின் கம்பியிலும் உள்ள இந்த நட்டுகளைத் தளர்த்தி, கம்பிகள் தாமாக நழுவுகின்றனவா என்று பார்த்த பிறகே போல்ட்டுக்குச் செல்ல வேண்டும். பல்லாண்டுகளாகத் திறக்கப்படாத வண்டிகளில் இந்தச் சறுக்கு இணைப்பே துருவேறி ஒரே கம்பியாகி நிற்கும். அங்கு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை, பிடுங்கி இழுத்தால் உட்கம்பி முறுக்கிக்கொள்ளும்.

போல்ட்டைத் தளர்த்தும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அதை முழுதாகக் கழற்றுவது தவறு. இரண்டு அல்லது மூன்று சுற்று மட்டும் தளர்த்தினால் போல்ட்டின் தலை தண்டின் உச்சியிலிருந்து சில மி.மீ. எழும்பி நிற்கும். இந்த நிலையிலும் ஹேண்டில்பார் அசையாது, ஏனெனில் கூம்பு இன்னும் பிளவுக்குள் இறுகியே இருக்கிறது. போல்ட்டின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நேராக ஒரு தட்டுத் தட்டினால், கூம்பு கீழே இறங்கி, தண்டின் பிடி விடுபடுகிறது. மரக்கட்டை இல்லாமல் இரும்பால் அடித்தால் போல்ட்டின் தலை சிதைந்து அடுத்த முறை ஸ்பேனர் பிடிக்காது. அதிகமாகத் தளர்த்திவிட்டு அடித்தால், ஓரிரு மரைகளே பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில் அம்மரைகள் அழிந்துபோகும். போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டால் கூம்பு தனியே ஃபோர்க் குழாய்க்குள் விழுந்துவிடுவதும், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி அதை வெளியே எடுக்க வேண்டியிருப்பதும் பட்டறைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி.

பிடி விடுபட்டபின், முன் சக்கரத்தை இரு முழங்கால்களுக்கும் இடையே இறுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை இடமும் வலமுமாகத் திருப்பியபடியே மேலே இழுப்பது வழக்கம். நேராக இழுப்பதைவிட முறுக்கி இழுப்பதற்கே துருப்பிடித்த குழாய் இணங்கும். அவ்வாறும் வராத தண்டுகள் உண்டு. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் நின்ற வண்டிகளிலும், மழையில் கிடந்த வண்டிகளிலும், போல்ட்டின் ஓரமாக உள்ளே இறங்கிய நீர் தண்டையும் குழாயையும் ஒன்றாக ஒட்டிவைத்திருக்கும். அத்தகைய வண்டிக்கு மேலிருந்து ஊற்றும் எண்ணெய் பெரும்பாலும் பயன்படுவதில்லை, ஏனெனில் துரு இறுகியிருப்பது தண்டின் அடிமுனையைச் சுற்றி. வண்டியைக் கவிழ்த்து, ஃபோர்க்கின் அடிவாயிலிருந்து மண்ணெண்ணெயையோ டீசலையோ விட்டு, ஓர் இரவு முழுவதும் அப்படியே நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் முறுக்கிப் பார்ப்பதே பலன் தரும் வழி; ஒரு நாளில் வராதது மூன்றாம் நாளில் வரலாம். நெருப்பைக் காட்டுவது சிலருக்கு உடனே தோன்றும் உபாயம் என்றாலும், பெயிண்ட் கருகுவதோடு, பித்தளைப் பற்றுவைப்பால் இணைத்த பழைய குழாய்களின் மூட்டுகளுக்கு அது நல்லதன்று. பொறுமையற்ற பழுதுபார்ப்பவரின் கருவி அது என்றே சொல்ல வேண்டும். அலுமினியத் தண்டு கொண்ட பிற்கால வண்டிகளில் சிக்கல் வேறு வகையானது: இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதால் அலுமினியம் அரிக்கப்பட்டு, அந்த அரிமானத்தின் வெண்படலம் பருமனில் பெருத்துக் குழாயை அடைத்துக்கொள்கிறது, அதற்கு மண்ணெண்ணெய் போதாது, அம்மோனியாக் கரைசல் தேவைப்படும்.

தண்டு ஒருமுறை வெளியே வந்துவிட்டால், அதை உடனே திரும்பச் செருகிவிடாமல், துடைத்து, அடிமுனையின் பிளவு எங்கேனும் விரிசலாக நீண்டிருக்கிறதா என்று பார்த்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய கிரீஸ் பூசி இறக்குவது நல்ல பட்டறையின் அடையாளம். இந்தக் கிரீஸ் தண்டை வழுக்கிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. பிடியைத் தருவது கூம்பின் விரிவு. கிரீஸ் செய்வதெல்லாம் நீரைத் தடுப்பது மட்டுமே.

எவ்வளவு உயர்த்தலாம் என்ற கேள்விக்கு ஓட்டுபவரின் விருப்பம் விடை தருவதில்லை. குழாயே விடை தருகிறது. பிற்காலத் தண்டுகளில் இதற்கு மேல் வெளியே வரக் கூடாது என்பதைக் குறிக்கும் கோடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். பன்னாட்டுத் தர விதிகளின்படி அக்கோடு தண்டின் அடியிலிருந்து அதன் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையாத தொலைவில் அமைய வேண்டும்; 22.2 மி.மீ. தண்டுக்கு அது ஏறத்தாழ 55 மி.மீ. ஆகிறது. பழைய கறுப்பு வண்டிகளில் அத்தகைய கோட்டை எதிர்பார்ப்பதற்கில்லை என்பதால், 65 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு விரற்கிடை கூட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இதற்குக் காரணம் தண்டு பிடுங்கிக்கொண்டு வரும் என்ற அச்சம் மட்டுமன்று. ஃபோர்க் குழாயின் உச்சியில் வெளிப்புறம் மரை வெட்டப்பட்டிருப்பதால் அவ்விடத்தில் சுவர் மெலிந்திருக்கிறது. தண்டை மிகவும் உயர்த்தினால் அதன் விரியும் முனை சரியாக இந்த மெலிந்த இடத்தில் வந்து நின்று, இறுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சுவரை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. குழாய் புடைத்தால் லாக் நட் கழலாது; மரையின் பள்ளத்தில் விரிசல் விட்டால் அது ஓடும் வண்டியில் ஒருநாள் முழுதாக முறியும், முறியும்போது ஹேண்டில்பார் ஓட்டுபவரின் கையோடு வந்துவிடும். ஆகவே விரியும் முனை மரைப்பகுதியைக் கடந்து கீழே நிற்க வேண்டும் என்பதே கோட்டைவிட முதன்மையான விதி.

தாழ்த்துவதற்கும் எல்லை இருக்கிறது. சில ஃபோர்க் குழாய்களின் சுவர் அடிப்பகுதியில் தடித்து, உள்விட்டம் குறுகியிருக்கும். தண்டை அதற்குள் அடித்து இறக்கினால் மீட்பது கடினம். கம்பி பிரேக் வண்டிகளிலோ இவற்றுக்கெல்லாம் முன்பே சறுக்கு இணைப்பின் நீளம் எல்லை போட்டுவிடுகிறது. உட்கம்பி வெளிக்குழாய்க்குள் போதுமான அளவு நுழைந்திராவிட்டால், நட் எவ்வளவு இறுகினாலும், அவசரத்தில் அழுத்திப் பிடிக்கும் முதல் பிரேக்கில் அது உருவிக்கொள்ளும்.

உயர்த்தும்போது ஹேண்டில்பார் செங்குத்தாக எழுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தலைக்குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், 68 பாகைச் சாய்வுள்ள வண்டியில் தண்டை 2 செ.மீ. இழுத்தால் கைப்பிடிகள் ஏறத்தாழ முக்கால் செ.மீ. பின்னோக்கியும் நகர்கின்றன. கை எட்டவில்லை என்று குறைப்படுபவருக்கு இது ஒரே செயலில் இரட்டை நன்மை. முழங்கால் ஏற்கெனவே கைப்பிடியில் இடிக்கிறது என்பவருக்கு இரட்டைத் தொல்லை. கம்பி பிரேக் வண்டிகளில் ஹேண்டில்பாரும் தண்டும் பெரும்பாலும் ஒரே உருப்படியாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், சாய்வை மட்டும் தனியே மாற்றிச் சரிக்கட்டும் வாய்ப்பும் அங்கில்லை.

மணிக்கட்டு வலிக்கும் தோள்வலிக்கும் ஹேண்டில்பாரையே குற்றஞ்சாட்டி வண்டியைக் கொண்டுவருபவர்களிடம் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் முதலில் பார்ப்பது சீட்டை. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி எடை முழுவதும் கையில் இறங்கும். அதை மட்டப்படுத்தினால் பல வலிகள் ஹேண்டில்பாரைத் தொடாமலே தீர்ந்துவிடுகின்றன. குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நீளும் அளவுக்குச் சீட்டின் உயரத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு கைப்பிடியைச் சீட்டின் மட்டத்துக்கோ அதற்கு இரண்டு மூன்று விரல் மேலாகவோ வைப்பது இவ்வகை வண்டிக்குப் பொருந்தும். அதற்கும் மேலே உயர்த்தினால் முதுகு நிமிர்ந்து எடை முழுவதும் சீட்டின் வில்லில் உட்கார்ந்துகொள்கிறது. எதிர்க்காற்றில் மிதிப்பதும் கடினமாகிறது. கேரியரில் பால்கேனோ அரிசி மூட்டையோ ஏற்றுபவர் ஹேண்டில்பாரை மிக உயர்த்திக் கேட்டால் மறுப்பதே முறை, ஏனெனில் சுமையோடு உடலும் பின்னே சாய்வதால் முன் சக்கரம் தரையில் அழுந்தாமல் அலைபாயும்.

வண்டியே உடலுக்குப் பெரிதாக இருக்கும்போது ஹேண்டில்பாரால் ஆவது சிறிது. 22 அல்லது 24 அங்குலச் சட்டத்தில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய சிறுவர்களுக்கு இடைஞ்சல் குறுக்கே நின்ற பாரே தவிர கைப்பிடி அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெருந்திரளான பெண்கள் மிதிவண்டி கற்றபோது, பெண்களுக்கான வண்டி கிடைக்காமல் பார் வண்டியையே ஓட்டியவர்களும் இருந்தனர். அவர்களுக்குத் தண்டை அடிவரை இறக்கிக் கொடுத்திருந்தாலும் குறை பாதியே தீர்ந்திருக்கும். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளில் நிலைமை வேறு. ஒரே அளவில் வந்திறங்கும் அவ்வண்டிகளைப் பல்வேறு உயரமுள்ள மாணவர்கள் பெற்றுக்கொள்வதால், சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஆளுக்கேற்ப மாற்றித்தர அருகிலுள்ள கடைக்காரருக்கு அரைமணி நேரம் போதும், ஆனால் அதைக் கேட்டு வருபவர்கள் மிகச் சிலரே. 1990களில் பரவிய மரையற்ற தலையமைப்பு கொண்ட புதிய வண்டிகளில் இந்த வசதியே இல்லை. அங்கே தண்டு குழாய்க்கு வெளியே கவ்விப் பிடிப்பதால், குழாயை ஒருமுறை அறுத்தபின் உயர்த்த இடமிருப்பதில்லை.

உயரம் முடிவானதும், முன் சக்கரத்தின் நேரே நின்று தண்டு மட்கார்டின் நடுக்கோட்டோடு ஒன்றுகிறதா எனப் பார்த்து, போல்ட்டை இறுக்கி, சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்து ஹேண்டில்பாரை வலுவாகத் திருப்பிச் சோதிக்க வேண்டும். சாதாரண வலுவுக்கு அது அசையக் கூடாது. வண்டி விழும் வேகத்துக்கும் அசையாதபடி ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்குபவர்கள் ஃபோர்க்கைத்தான் கெடுக்கிறார்கள். விழுந்தால் ஹேண்டில்பார் சற்றே திரும்பிக் கொடுப்பது வண்டிக்கும் ஆளுக்கும் நல்லது. அடுத்து முன் கம்பியின் நட்டை, கட்டைகள் ரிம்மிலிருந்து 3 மி.மீ. விலகி நிற்கும் நிலையில் இறுக்கி, பிறகு பின் கம்பியையும் அவ்வாறே பூட்டி, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியபடி பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும்போது பிடிக்கும் பிரேக் திரும்பும்போது தானே இறுகினால் கம்பி எங்கோ முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பழைய வண்டி ஒன்றை வாங்குபவர்கள், ஹேண்டில்பார் உயரம் பிடித்திருந்தாலும், தண்டை ஒருமுறை முழுதாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அதன் அடியிலிருந்து 65 மி.மீ. அளந்து ஒரு கோடு கீறி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே உயர்த்தித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வண்டியை விடக் கூடாது.